ஊற வைக்கவும்

நான் கேட்காத மன்னிப்பை என் பெயரில் என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டார். அதுவும் நான் காய்கறி வாங்கப் போயிருந்த முக்கால் மணி நேரத்துக்குள். நான் திரும்பி வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, எங்கள் மரப் பட்டறை வாசலில் நின்றுகொண்டு, பெரிய காரியம் சாதித்தவர் மாதிரி, "ஒண்ணும் கவலப்படாத, நானே பேசி முடிச்சுட்டேன்" என்றார்.

"எதைப் பேசி முடிச்சீங்க?"

"சாவிக்கொத்து வந்திருந்தார்."

சாவிக்கொத்து என்று நாங்கள் வீட்டுக்குள் சொல்வது மீன் சாப்பாட்டுக் கடை முதலாளியை. அத்தனை சாவியை இடுப்பில் தொங்கவிட்டிருப்பார். ஆள் வருவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும்.

"நேத்து மத்தியானம் அவர் கடையில ஒரே மேசையில பன்னெண்டு பேரு நம்ம மரப்பலகை மேல வச்சுச் சுட்ட பலகை மீன் சாப்பிட்டிருக்காங்க. வாயில வச்சதுமே துப்பிட்டாங்களாம். ஒருத்தர் வாந்தியே எடுத்துட்டாராம். நம்ம பலகையில மருந்து இருக்கு, மருந்தடிச்ச மரத்துல செஞ்சுட்டீங்களான்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தெரியாம நடந்திருக்கும், மன்னிச்சுக்கங்கன்னேன்."

எனக்கு உச்சி முதல் பாதம் வரை எரிந்தது. பையைப் போட்ட வேகத்தில் தக்காளி ஒன்று உருண்டு இழைப்பு மேசைக்கு அடியில் போனது. அதை எடுக்கக் குனிந்தார் பாருங்கள், அப்போதும் முகத்தில் ஒரு சாந்தம். மன்னிப்பு கேட்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. என் தம்பி யாரிடமாவது வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டால் இவர் மன்னிப்பு கேட்பார். செய்த கதவைக் கொண்டுபோய்க் கொடுக்கும் நாளில் மழை பெய்தால் மழைக்காக மன்னிப்பு கேட்பார். பக்கத்து வீட்டு நாய் குரைத்ததற்குக்கூட ஒருமுறை கேட்டிருக்கிறார், அது எங்கள் நாயே இல்லை.

"தெரியாம நடந்திருக்கும்னா என்ன அர்த்தம்? யாருக்குத் தெரியாம? பலகை செய்யறது நீங்களா நானா?"

"நீதான். அதனாலதான் சொல்றேன். அவசரத்துல ஒரு துண்டு மாறியிருக்கலாம்ல?"

மாறியிருக்கலாமாம்! என் வீட்டுக்காரர் கதவு, ஜன்னல், வேலி எல்லாம் செய்பவர். வேலிக்கு வாங்கும் மரத்துக்குக் கரையான் மருந்து ஏற்றியிருப்பார்கள், லேசாகப் பச்சை பூத்திருக்கும். அந்த மரம் வெளியே, முற்றத்தில், தகரத்துக்கு அடியில் கிடக்கும். என் மரம் உள்ளே, பரண் மேல், துணி போட்டு மூடியிருக்கும். தேவதாரு மட்டும்தான். முடிச்சு விழுந்த துண்டு வேண்டாம், பிசின் வழியும் துண்டு வேண்டாம், ஒட்டுப்பலகை வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு துண்டையும் மோந்து பார்ப்பேன், சந்தேகம் வந்தால் நாக்கில் வைத்தும் பார்ப்பேன். இதைச் சொல்லி என்னைக் கேலி செய்யாதவர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை. மரம் தின்னி என்று என் நாத்தனார் எனக்குப் பெயரே வைத்திருக்கிறாள்.

ஒரு முழம் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாக, ஒரு சாண் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவாக, கனம் முக்கால் அங்குலம். அறுத்து, இழைத்து, ஓரத்தை மட்டும் உப்புத்தாளால் மழுக்குவேன். அவ்வளவுதான். எண்ணெய் கிடையாது, மெழுகு கிடையாது, வார்னிஷ் வாசனைகூட அந்தப் பக்கம் வரக்கூடாது. என் வீட்டுக்காரருக்கு இதுதான் தாங்காது. வெறும் மரத்தைக் கண்டால் அவர் கை அரிக்கும், "ஒரே ஒரு பூச்சு அடிச்சா எப்படி இருக்கும் தெரியுமா?" என்று தூரிகையோடு வந்து நிற்பார். நான் ரம்பத்தைக் காட்டுவேன், போய்விடுவார்.

அந்தப் பலகையை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறப் போட்டு, தணல் மேல் வைத்து, புகை கிளம்பும் நேரம் பார்த்து மீனை அதன் மேல் கிடத்தி மூடிவிட வேண்டும். ஊறிய மரம் பற்றி எரியாது, புகையும். மீன் அந்த ஆவியிலும் புகையிலும் வெந்துவிடும். எங்கள் வீட்டில் நான் அப்படித்தான் சமைத்துக்கொண்டிருந்தேன். கடைக்கு மேசை செய்து கொடுத்தபோது ஒருநாள் சாவிக்கொத்து எங்கள் வீட்டில் சாப்பிட்டார், முள்ளை வழித்து வைத்துவிட்டு, "இந்தப் பலகை எனக்கும் வேணும்" என்றார். எட்டு மாதமாக அவர் கடைக்குப் பலகை போகிறது. ஆறு ஆறாகச் சணலில் கட்டி, கட்டுக்கு ஒரு செய்முறைச் சீட்டு செருகி அனுப்புவேன். சீட்டு என் வீட்டுக்காரர் எழுதியது. அவர் கையெழுத்து அச்சில் வார்த்த மாதிரி இருக்கும், என் கையெழுத்தை எனக்கே படிக்க முடியாது. நான் சொல்லச் சொல்ல, "இவ்வளவு எழுத இடம் பத்தாதும்மா, சுருக்கி எழுதறேன்" என்று எழுதினார். அதை ஜெராக்ஸ் எடுத்து வெட்டி வைத்துக்கொண்டோம்.

சாவிக்கொத்து கோபத்தில் ஒரு கட்டுப் பலகையை முற்றத்தில் வீசிவிட்டுப் போயிருந்தார். கட்டு பிரிக்கவே இல்லை. எடுத்துப் பார்த்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். மோந்தேன். நாக்கில் வைத்தேன். சுத்தமான தேவதாரு.

"இங்க பாருங்க. இது போன வாரம் அனுப்பின கட்டுல ஒண்ணு. இதையே ஊற வச்சு, இதுலயே மீன் செய்யறேன். நீங்களும் சாப்பிடணும்."

"சரி" என்றார். அந்தச் 'சரி'யில் சுரத்தே இல்லை.

மீன் வாங்கி வந்தேன். பலகையை ஊறப் போட்டேன். பின்கட்டு அடுப்பில் வைத்து, பலகை படபடவென்று சத்தம் கொடுத்ததும் மீனை வைத்து மூடினேன். வீடு முழுக்க மணம். எதிர்வீட்டு அம்மா ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். தட்டில் எடுத்து வைத்து அவர் முன்னால் தள்ளினேன்.

அவர் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வயிற்றைத் தடவிக்கொண்டு, "காலையிலேர்ந்து வயிறு ஒரு மாதிரியா இருக்கு" என்றார்.

பத்தொன்பது வருடம் இந்த மனிதருக்குச் சமைத்துப் போடுகிறேன். ஒருநாள் கருகியதைக்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை. இன்றைக்கு, எவனோ சாவியை ஆட்டிக்கொண்டு வந்து மருந்து என்று சொன்னதும் என் கை மீன் அவருக்கு இறங்கவில்லை. முன்பின் தெரியாதவன் என்னை நம்பவில்லை என்றால் போடா என்று சொல்லிவிடுவேன். இதை யாரிடம் போய்ச் சொல்ல? எனக்கு அழுகை வந்தது. அழுதால் அதற்கும் மன்னிப்பு கேட்பார் என்று அடக்கிக்கொண்டு, இரண்டு பேர் மீனையும் நானே உட்கார்ந்து சாப்பிட்டேன். தலையை மட்டும் விட்டுவைத்தேன், அதுவும் வயிற்றில் இடமில்லாததால்.

கை கழுவிவிட்டு, "கிளம்புங்க" என்றேன்.

"எங்க?"

"கடைக்கு. காலையில என் பேர்ல ஒரு மன்னிப்பு குடுத்தீங்கல்ல, அதைத் திரும்ப வாங்கிட்டு வரணும்."

"குடுத்த மன்னிப்பை எப்படிம்மா திரும்ப வாங்கறது?"

"அதை நான் வாங்கறேன். நீங்க கூட வந்து நில்லுங்க, போதும்."

கடைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'பலகையில் மருந்து இருந்ததால் பலகை மீன் நிறுத்தப்பட்டுள்ளது. பலகை செய்தவர் தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்பு கேட்டுவிட்டார்.' பலகை செய்பவள் யார் என்று அந்தத் தெருவில் தெரியாதவர்கள் கிடையாது. சைக்கிளில் போன ஒருவர் நிறுத்தி, தாளைப் படித்து, என்னைப் பார்த்து, மறுபடி தாளைப் பார்த்துவிட்டுப் போனார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

மத்தியானக் கூட்டம் முடிந்து கடை காலியாக இருந்தது. சாவிக்கொத்து கல்லாவில் இருந்து எழுந்து, "வாங்கண்ணே" என்று அவரை மட்டும் கூப்பிட்டார்.

"பலகையைக் காட்டுங்க" என்றேன்.

"எந்தப் பலகை?"

"நேத்து மீன் வச்ச பலகை. மிச்சம் இருக்கும்ல?"

"அதான் அண்ணன்கிட்ட பேசியாச்சேம்மா. அவரே ஒத்துக்கிட்டார். இதைக் கிளறி என்ன பண்ணப் போறீங்க?"

"ஒத்துக்கிட்டது அவரு. செஞ்சது நான். செஞ்சவ வந்திருக்கேன், காட்டுங்க."

நகரமாட்டேன் என்று தெரிந்ததும் சமையல்கட்டுக்கு விட்டார். அடுப்புப் பக்கம் சமையல் மாஸ்டர் இல்லை. எங்கே என்று கேட்டேன். முந்தாநாள் ராத்திரி கையில் எண்ணெய் கொட்டியதால் நேற்றிலிருந்து விடுப்பாம். அடுப்பை முதலாளியே பார்த்துக்கொள்கிறாராம். எனக்கு அப்போதே மனதுக்குள் ஏதோ நெருடியது. எட்டு மாதமும் பலகையைத் தன் கையால் அண்டாவில் ஊறப் போட்டது மாஸ்டர்.

பாத்திரம் கழுவும் அக்கா தொட்டியருகே நின்றிருந்தார். ஒல்லியான ஆள், முழங்கை வரை ஈரம். சுவரோரம், நேற்று ஊற வைத்து அடுப்பேறாமல் மிஞ்சிய என் பலகைகள் சாத்தியிருந்தன. ஒன்றை எடுத்தேன். மோந்தேன். தேவதாருவில் என்றைக்கு எலுமிச்சை வாசனை வந்திருக்கிறது? நாக்கை நீட்டி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே இழுப்பாக நக்கினேன்.

"ஐயோ, விஷம்மா அது!" என்று சாவிக்கொத்து கத்தினார். நேற்று அதே கட்டுப் பலகையில் பன்னிரண்டு பேருக்கு மீன் வைத்துக் கொடுத்தவர்.

"விஷம் இல்ல. சோப்பு" என்றேன். நாக்கு வழவழத்தது. "நல்லா, ஆழமா ஊறின சோப்பு. பாத்திரம் கழுவற சோப்பு. நீங்களும் நக்கிப் பாக்கறீங்களா?"

அவர் பின்னால் நகர்ந்தார். என் வீட்டுக்காரர் வந்து, பலகையை வாங்கி, விரலை நனைத்துத் தேய்த்தார். நுரை வந்தது. பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரிகிற நுரை. பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "எனக்கு அப்பவே தோணுச்சு, நம்ம மரத்துல தப்பு இருக்காதுன்னு" என்றார். என் வாயில் சோப்பு இருந்ததால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

"யாரு இதுல சோப்பு போட்டது?" என்றார் சாவிக்கொத்து.

பாத்திரம் கழுவும் அக்கா தயங்கவே இல்லை. "நான்தான் ஊற வச்சேன்" என்றார். "மாஸ்டர் வரலைன்னு நீங்கதானே சொன்னீங்க, சீட்டுல போட்டிருக்கற மாதிரி செய்னு. அதே மாதிரிதான் செஞ்சேன். ஒரு மணி நேரம், கடிகாரத்தைப் பாத்து. ரெண்டு தடவ தண்ணி மாத்தி, புதுசா சோப்பு போட்டு, நல்லா ஊற வச்சேன்."

"சோப்புல எவளாவது ஊற வைப்பாளா? மரமண்டை!"

"இங்க எல்லாத்தையும் சோப்புலதானே ஊற வைக்கிறோம்?" என்றார் அக்கா. "சட்டியை ஊற வைன்னா சோப்பு. கரண்டியை ஊற வைன்னா சோப்பு. எனக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. ஆனால் சாவிக்கொத்துக்கு நியாயம் எங்கே காதில் ஏறும்? இடுப்பில் சாவி குலுங்கக் குதித்தார். பன்னிரண்டு பேர் முன்னால் மானம் போனதே என்றார். மாஸ்டர் இல்லாத நேரம் பார்த்துக் கழுத்தறுத்துவிட்டாய் என்றார். கடைசியில், "நாளையிலேர்ந்து வராத" என்றார். அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார், கை காய்ந்த பிறகும்.

அந்தச் சீட்டு தொட்டிக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தது. நான் கிட்டே போய்ப் படித்தேன். எட்டு மாதத்தில் முதல் தடவையாக முழுதாகப் படித்தேன், அது என் தப்பு, அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். 'பலகையை ஒரு மணி நேரம் ஊற வைக்கவும்.' அச்சு மாதிரி எழுத்து. நான் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பரணுக்குக் கீழே நின்றுகொண்டு, "வெறும் தண்ணியில ஒரு மணி நேரம் ஊற வைக்கவும்" என்று இரண்டு தரம் சொன்னேன். வெறும் தண்ணீரைக் காணோம். இடம் பத்தவில்லை என்று சுருக்கியது அதைத்தான்.

திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவரும் சீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. காது மடல் சிவந்துவிட்டது, பத்தொன்பது வருடத்தில் எனக்குத் தெரியாத சிவப்பா அது?

நான் காத்திருந்தேன். உலகத்தில் உள்ள எல்லாத் தப்புக்கும் மன்னிப்பு கேட்கிறவர், இதோ இப்போது வாயைத் திறப்பார் என்று காத்திருந்தேன். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா தன் தூக்குவாளியை எடுத்து, செருப்பைத் தேடினார். இவர் மேலே சுழலாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கல்லுளிமங்கன் மாதிரி நின்றார். எனக்காகக் கேட்டார், மழைக்காகக் கேட்டார், நாய்க்காகக் கேட்டார். தனக்காக அவர் மன்னிப்பு கேட்டு நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அக்கா, செருப்பைப் போடாதீங்க" என்றேன். "நீங்க எழுதியிருக்கற மாதிரிதான் செஞ்சீங்க. எழுதினவர் இங்கதான் நிக்கிறார். என்னங்க, சொல்லுங்க."

"அது... தாள் சின்னது. இடம் பத்தல. ஊற வைன்னா தண்ணியிலதான்னு எல்லாருக்கும் தெரியுமேன்னு... விட்டுட்டேன்."

சாவிக்கொத்து, நம்புங்கள், சிரித்தார். என் வீட்டுக்காரர் தோளில் தட்டி, "அட, இதுக்கா இப்படி முழிக்கிறீங்க? விடுங்கண்ணே, சின்ன விஷயம்" என்றார்.

சின்ன விஷயம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த பலகையைத் தொட்டிக்குள் எறிந்தேன். தண்ணீர் தெறித்து சாவிக்கொத்தின் சட்டையெல்லாம் சோப்பு.

"சின்ன விஷயமா? நான் செஞ்சிருப்பேன்னு நினைச்சப்போ அது விஷம், வாசல்ல ஒட்டினீங்க. இவங்க செஞ்சாங்கன்னதும் நாளையிலேர்ந்து வராதன்னீங்க. இவர் செஞ்சதுன்னு தெரிஞ்சதும் சின்ன விஷயம் ஆயிடுச்சா? ஏன், இவருக்கு மீசை இருக்குங்கறதாலயா?"

"அப்படி இல்லம்மா..."

"எப்படி இல்ல? அந்தத் தாளை இப்பவே கிழிங்க. மரத்துல ஒண்ணும் இல்லன்னு வேற தாள் ஒட்டுங்க. இவர் எழுதுவார், கையெழுத்து நல்லா இருக்கும். பெரிய தாளாக் குடுங்க, இடம் பத்தலன்னு சொல்லாம இருக்கட்டும். இந்த அக்கா நாளைக்கும் வருவாங்க, நாளன்னைக்கும் வருவாங்க. இல்லன்னா பலகையை நீங்களே அறுத்துக்கங்க."

சாவிக்கொத்து சட்டையைத் துடைத்தார். பலகை மீனுக்காகவே அவர் கடைக்கு வருகிறவர்கள் எத்தனை பேர் என்று அவருக்குத் தெரியும். முனகிக்கொண்டே வாசலுக்குப் போனார். தாள் கிழிகிற சத்தம் சமையல்கட்டு வரை கேட்டது. எனக்கு அது காதுக்கு இதமாக இருந்தது, மறைப்பானேன்.

"அவ்வளவுதானே, போலாமா?" என்றார் என் வீட்டுக்காரர், மெதுவாக.

"இன்னும் ஒண்ணு பாக்கி. காலையில என் பேர்ல எவ்வளவு சுலபமா கேட்டீங்க. இப்ப உங்க பேர்ல கேளுங்க. அவர்கிட்ட இல்ல, இவங்ககிட்ட."

அவர் அக்காவைப் பார்த்தார். இத்தனை வருடம் பழகிய வார்த்தை, தொண்டையில் முள் சிக்கிய மாதிரி நின்றது. கடைசியில், "மன்னிச்சுக்கங்க. தப்பு என்னுது" என்றார். பாதிக் குரல்தான் வந்தது.

"ஐயோ, அதெல்லாம் எதுக்கு தம்பி" என்று அக்கா அவசரமாகச் சொன்னார். பிறகு, கொஞ்சம் யோசித்து, "சரி, பரவாயில்ல" என்றார். தூக்குவாளியைத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

எனக்கு அந்த மனிதரின் மன்னிப்பு வேண்டியிருக்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது மத்தியானம் அந்தத் தட்டிலிருந்து ஒரு வாய். அது இனிமேல் கிடைக்காது, மீன் தீர்ந்துவிட்டது. அதை அவரும் நினைத்திருக்க வேண்டும், "வீட்டுல மீன் ஏதாவது மிச்சம் இருக்கா?" என்று என் காதருகே கேட்டார்.

"தலை இருக்கு" என்றேன்.

சுவரிலிருந்த சீட்டைப் பிய்த்து மேடையில் வைத்தேன். அவர் காதில் செருகியிருந்த பென்சிலை உருவினேன். 'ஊற வைக்கவும்' என்பதற்கு முன்னால், கோணல் மாணலான என் எழுத்தில், 'வெறும் தண்ணீரில்' என்று பெரிதாக எழுதினேன். அவரைக் கிட்டே கூப்பிட்டுக் காட்டினேன்.

எழுதி முடித்த பிறகும் இடம் இருந்தது.